ஹிமாயா எடுத்த டோச்

வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து இருபது நாள். உம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காக்க வேண்டும்; கடை கண்ணிக்குப் போக முடியாது. அதனால் டோச் லைட் வாங்கும் பொறுப்பு பத்து வயது ஹிமாயாவின் தலையில் விழுந்தது.

"மாமாவோட போ மகள். ஆனா நீயே பாத்து எடு. தம்பிர கைக்கு ஏத்ததா இரிக்கணும்," என்றார் உம்மா.

தம்பி நளீருக்கு ஆறு வயது. பொழுதுபட்டால் கொல்லையில் இருக்கும் கக்கூசுக்குப் போகவே மாட்டான். அடக்கி வைத்துப் பாயில் விட்டுவிடுவான். அவனைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. உம்மாவும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்று ஹிமாயாவுக்குத் தெரியும்.

கக்கூசுக்குப் போகும் வழியில், கிணற்றடியில்தான் வாப்பாவை விரியன் கடித்தது.

அந்த வாரம் முழுக்க மழை. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. சார்ச் போடும் டோச் செத்துக் கிடந்தது. விடியுமுன் சுபஹு தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒழு எடுக்கப் போன வாப்பா, "தெரிஞ்ச பாதைதானே," என்று இருட்டிலேயே இறங்கினார். அதை நினைத்தால் ஹிமாயாவுக்கு அந்த டோச்சின் மேல் கோபம் கோபமாக வரும்.

கல்முனை பஸாரில் ஸைனுலாப்தீன் காக்காவின் கடை. அஸ்ஹர் மாமா பெரிய டோச் ஒன்றைத் தூக்கினார்.

"இது கடற்கரை மட்டுக்கும் அடிக்கும் புள்ள!"

"எங்கட கக்கூசு கடற்கரையிலயா மாமா இரிக்கி?"

மாமா அதை மெதுவாக வைத்துவிட்டார்.

கடைக்காரர் சின்னதாக ஒன்றைக் கொடுத்தார். "அஞ்சு விதமா எரியும். சார்ச்சும் போடலாம்."

ஹிமாயா மேசைக்கு அடியில் குனிந்து இருட்டில் பொத்தானை அமத்திப் பார்த்தாள். முதலில் மங்கலாக எரிந்தது. பிறகு விட்டுவிட்டு மின்னியது. நாலாவது தரம்தான் நல்ல வெளிச்சம் வந்தது.

"காக்கா, நான் நாலு தரம் அமத்துற மட்டுக்கும் பாம்பு நிண்டு பாத்துக்கிட்டு இரிக்குமா?"

சிரிக்க வாய் திறந்த கடைக்காரரின் காதில் மாமா ஏதோ சொன்னார். அவர் முகம் வாடியது. உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். விரல் நீளம்தான். ஒரே ஒரு பொத்தான். மணிக்கூட்டுக்குப் போடும் பற்றரி ஒன்று போதும்.

ஹிமாயா அதை எரியவிட்டு, சீமெந்துத் தரையில் போட்டாள்.

"அல்லாஹ்! உடைஞ்சா என்ன செய்யிற?"

"என்ட தம்பி விழுத்துவான் காக்கா. இங்கயே பாத்துட்டா நல்லம்."

டோச் உருண்டு நின்றது. அணையவில்லை.

"இதத் தாங்க. பற்றரி ரெண்டு கூடவும் தாங்க."

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் ஹிமாயா டோச்சை நளீரின் கையில் கொடுத்தாள். "உன்ட ராத்தா நான் வாசல்லதான் நிப்பன். தரையப் பாத்து அடி."

அவன் போனான். கிணற்றடியில் வெளிச்சம் நின்றது. வெளிச்சம் இடமும் வலமுமாகத் தரையைத் தடவியது.

"ராத்தா, ஒண்டும் இல்ல!"

சற்று நேரத்தில் காற்சட்டையைப் பிடித்தபடி ஓடிவந்தான். நேரே உம்மாவிடம் போனான்.

"உம்மா, நீங்களும் போறண்டா சொல்லுங்க. நான் டோச் அடிக்கிறன்."

உம்மா அவன் தலையைத் தடவினார். பிறகு குசினிக்குள் போய் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்து, முழுவதையும் குடித்தார்.