பின் சீற்றில் பதினெட்டுக் கிலோ

கார் வாங்கிப் பன்னிரண்டாம் நாள், பின் சீற்றில் யாருமே இல்லாதபோது, அங்கே இருப்பவர் பெல்ற் போடவில்லை என்று அது கத்தத் தொடங்கியது.

லோகேஸ்வரன் தனியாகத்தான் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னாலிருந்த சின்னத் திரையில் காரின் படம். அதில் பின் இடது இருக்கை மட்டும் சிவப்பாக மின்னியது. விடாத, மெல்லிய மணிச் சத்தம். ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கம்பனிப் பொலித்தீன் கழற்றாத சீற், வெய்யிலில் பளபளத்தது. அதன் நடுவில் யாரோ இருந்தாற்போல் ஒரு பள்ளம். கையால் தடவிவிட்டதும் பள்ளம் மெல்ல நிமிர்ந்தது, மணியும் நின்றது. புதுச் செருப்புக் கடிக்கும், புதுக் கார் கத்தும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தார்.

அந்தக் கார் ஆடம்பரத்துக்கு வாங்கியதல்ல. மனைவி பத்மாவதிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் டயலைசிஸ். ஓட்டோவில் குலுங்கி வர அவளால் ஏலாது என்றுதான், சுன்னாகத்துக் காணியை விற்று, இறக்குமதித் தடை நீங்கிய கையோடு புத்தம் புதிதாக எடுத்தார். பழைய கார் நடுவழியில் காலை வாரும். புதியதென்றால் ஐந்து வருட வாரண்டி இருக்கிறது. முப்பது வருடம் தபால் கந்தோரில் பொதி நிறுத்து முத்திரை குத்திய மனிதருக்குக் கையெழுத்திட்ட கடதாசியில் அப்படி ஒரு நம்பிக்கை.

பொலித்தீன் பத்மாவின் சட்டம். "கழட்டாதேங்கோ, புதுசு போயிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பின் சீற்றில் சரிந்து நித்திரையாகிப் போனாள். தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தி இரண்டு தரம் கூப்பிட்டார். அசைவில்லை. நித்திரையில் உயிர் வெளியே உலாவும், சடாரென்று எழுப்பினால் திரும்பி உடம்புக்குள் வராது என்று சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் மறந்துபோய், தோளைப் பிடித்து உலுப்பி எழுப்பினார். லிஃப்ற்றில் ஏறியபின் அவள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, எதையோ சீற்றில விட்டிட்டு வந்த மாதிரிக் கிடக்கு."

அவர் இறங்கிப் போய்த் தேடினார். கைப்பை அவளிடமே இருந்தது, போனும் இருந்தது. சீற்றில் ஒன்றுமில்லை. பொலித்தீன் மட்டும் ஆள் படுத்த பாய் போல் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன்பின் பத்மா பின்னால் ஏறவே இல்லை. முன்னால் அவருக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். பின்னால் சர், சர் என்று பொலித்தீன் நெரியும் சத்தம் கேட்கும். வளைவில் கேட்டால் பரவாயில்லை. சிக்னலில் அசையாமல் நிற்கும்போதும் கேட்டது, நெடுநேரம் இருந்த ஒருவர் கால் மாற்றிப் போடுவதுபோல.

ஆஸ்பத்திரியில் டயலைசிஸ் முடிந்ததும் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். ஐம்பத்தெட்டாக இருந்தவள் ஐம்பத்தைந்தானாள். பிறகு ஐம்பத்தொன்று. தாதி ஆதிலா தராசைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"ஆள் அப்பிடியே ஈக்கிறாங்க, நிறை மட்டும் கொறயுது. தராசுலதான் பிழை" என்று வேறு தராசு கொண்டுவந்தாள். அதுவும் அதையே காட்டியது. பத்மாவின் கன்னம் ஒட்டவில்லை, வளையல் கழலவில்லை. முப்பது வருடம் தராசோடு இருந்த லோகேஸ்வரனுக்கு ஒன்று தெரியும்: மனிதர் பொய் சொல்வார்கள், தராசு சொல்லாது. ஆனாலும் அன்றைக்கு ஆதிலா சொன்னதையே நம்ப விரும்பினார்.

மூன்றாம் கிழமை காரின் பின் இடது பக்கம் தாழ்ந்தது. ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கும் நப்ரீஸ் அதைக் கண்டு சிரித்தான்.

"அங்கிள், பின்னுக்கு ஈக்கிற ஆள எறக்கிட்டு நிப்பாட்டுங்க. ஸ்பிரிங் படுத்துப் போகும்."

பகிடிதான். லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்து பார்க்கட்டுமா என்று அவன் கேட்டதற்கும் வேண்டாமென்றார். வெளியாள் கைவைத்தால் வாரண்டி போய்விடும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கிருலப்பனைச் சந்தியில், கியர்பொக்ஸ் உடைந்தது. முதலில் அடியில் ஒரு முனகல். பிறகு இரும்பை இரும்பு கடித்து அரைக்கும் சத்தம், எரிந்த எண்ணெய் நாற்றம். கார் நடுரோட்டில் நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன, கண்ணாடி இறங்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைப் பிய்த்தான். உள்ளே வேர்வையும் பொலித்தீன் வாசமும். பின்னால் சர், சர். பத்மா முன்னால் பார்த்தபடியே அவரின் முழங்கையைப் பற்றினாள்.

"திரும்பிப் பாக்காதேங்கோ" என்றாள்.

கம்பனியின் இழுவை வண்டி வர மூன்று மணித்தியாலம் ஆனது. அன்றைய டயலைசிஸ் தவறிப்போனது. அடுத்த முறை வியாழன். அதுவும் தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டொக்டர் போனில் பட்டென்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை நுகேகொடையில் கம்பனியின் வேர்க்ஷொப்பில் ஷாமில் என்ற இளம் பொறியியலாளர் அவரைக் காருக்குக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். பற்சக்கரங்கள் நொறுங்கிக் கிடந்தன.

"ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடல்ல சேர். லொறி பாரம் இழுத்த மாதிரி உடைஞ்சிருக்கு. பின்னுக்கு என்ன ஏத்தினீங்க?"

"ஒண்டும் ஏத்தேல்ல தம்பி."

"கார் எல்லாம் பதிஞ்சு வைக்கும் சேர். சீற்றுக்குச் சீற் நிறையும் இருக்கும்." கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "பின் இடது சீற். இது முதல் நாள், மூண்டு கிலோ. பிறகு ஏழு. பன்னிரண்டு. இப்ப பதினெட்டு. பதினெட்டுக் கிலோவுக்குக் கியர்பொக்ஸ் உடையாது, ஆனா ராவில நிப்பாட்டி வைச்ச நேரமும் அது அப்பிடியேதான். குழந்தை ஒண்டு சீற்றை விட்டு எறங்காம இருந்த மாதிரி."

லோகேஸ்வரன் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கொப்பியை எடுத்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று, நாற்பத்தாறு, நாற்பது. விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். மூன்றும் ஐம்பத்தைந்தும். ஏழும் ஐம்பத்தொன்றும். எந்த வரியைக் கூட்டினாலும் ஐம்பத்தெட்டு.

"சேர்," ஷாமிலின் குரல் தணிந்தது. "இப்ப ஏறுது."

இருபது. இருபத்திரண்டு. உயரத்தில் தூக்கி வைத்த காருக்குள் யாரும் இல்லை. லோகேஸ்வரன் வீட்டுக்குப் போன் எடுத்தார். பத்மாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"எனக்கு மேலெல்லாம் பஞ்சு மாதிரிக் கிடக்கப்பா. கெதியா வாங்கோ."

"காரைத் திருப்பி எடுங்கோ தம்பி! எனக்கு வேண்டாம்!"

"வாரண்டில கியர்பொக்ஸ் மாத்தித் தரலாம் சேர். திருப்பி எடுக்க ஏலாது."

"அந்தச் சீற்றையாவது கழட்டி எறியுங்கோ."

"சீற்றில பிழை இல்லையே. பிழை இல்லாததில கை வைச்சா வாரண்டி கட் ஆகிடும்."

எறிந்துவிட்டால் மட்டும்? வாசல் வரை போனவர் அந்த நினைப்பில் நின்றார். அங்கே கிடப்பது அவருடைய பத்மாவின் இருபத்திரண்டு கிலோ. அதைக் குப்பையில் போட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? இனி அதில் அவளை ஏற்றமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துகொண்டு பஸ் ஏறினார்.

வியாழன் விடியவே மழை. பகல் பன்னிரண்டுக்குக் காலிக்குப் போகும் பெருவீதியில் முழங்காலளவு தண்ணீர். டயலைசிஸ் இரண்டு மணிக்கு. பத்மாவால் படுக்க முடியவில்லை. கட்டிலில் நிமிர்ந்திருந்து வாயால் மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சிலும் நீர்க் கொப்புளம் உடையும் சத்தம். டாக்சிக்குப் போனில் தேடினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்புலன்ஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள். ஒழுங்கையில் ஓட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள். நனைந்து திரும்பியவரிடம் தொடர்மாடிக் காவலாளி திறப்பொன்றை நீட்டிச் சிங்களத்தில் சொன்னான்:

"மாத்தயா, கார் எக்க கெனாவா."

கம்பனிக்காரர் காலையிலேயே காரைத் திருத்திக் கொண்டுவந்து கீழே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாரண்டி வேலை முடிந்ததாம்.

அவர் அழுதார். வேறு வழியே இல்லை. மேலே போய் அவளைத் தூக்கினார். கையில் பாரமே இல்லை. வெற்று உறையைத் தூக்கியதுபோல. பச்சைப் புடவை கனத்தது, அவள் கனக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு குழல்விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. ஈரச் சீமெந்து வாசம். கார் பின் இடது பக்கம் சரிந்து காத்திருந்தது. பத்மாவை முன்னால் இருத்தி, பெல்ற்றைப் போட்டு, கொப்பியை மடியில் வைத்தார். முன் சீற்றின் பொலித்தீனில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

கார் கிளம்பியது. முனகல் இல்லை, உதறல் இல்லை. வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு, வாங்கிய நாளில்கூட ஓடாத ஓட்டம் ஓடியது. ஹெவ்லொக் டவுன் கடந்தது. மழை கூரையில் கொட்டியது. அதற்குள்ளும் கேட்டது. சர். சர். பிறகு மூச்சு. ஆறுதலான, ஆரோக்கியமான மூச்சு.

பக்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

"பத்மா, கதையும். ஏதாவது கதையும்."

அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

திரையில் முன் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. பின் இடது இருக்கையில் சிவப்பு மின்னியது.

பின்னால் பெல்ற் 'கிளிக்' என்று பூட்டிய சத்தம் கேட்டது. சிவப்பு பச்சையானது.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீதியை மட்டும். வீதியை மட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆதிலா குடையும் சக்கர நாற்காலியுமாக ஓடிவந்தாள். வந்தவள் பின் கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா! இண்டைக்கு மொகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே."

வேர்த்த தோலிலிருந்து பொலித்தீன் உரியும் சத்தம். நீளமாக. கார் ஒரு பக்கம் உயர்ந்தது. பச்சைப் புடவை, அதே வளையல். யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கி, நாற்காலியை விலக்கி, வாசலடித் தராசில் தானாக ஏறி நின்றாள்.

"நர்ஸ்! பத்மா இஞ்சை! முன்னுக்கு இருக்கிறா!"

ஆதிலா முன் கதவைத் திறந்து குனிந்தாள். பத்மாவின் முகத்துக்கு நேரே பார்த்தாள். மடியிலிருந்த கொப்பியை, காலி சீற்றில் கிடந்ததை எடுப்பதுபோல எடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்த் தராசைப் பார்த்தாள்.

"சேர், தராசு சரியாகிட்டு! ஐம்பத்தெட்டு!"

தராசில் நின்றவள் திரும்பி, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, இனி அந்தப் பொலித்தீனைக் கழட்டுங்கோ."

அவருக்குப் பக்கத்தில், பெல்ற்றுக்குள், பத்மா கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை. மற்றக் கையால் அவருடைய முழங்கையைப் பற்றியிருந்தாள். அதைக் கண்ணால் கண்டார்; கையில் எதுவும் உணரவில்லை.