மொட்டை அடித்த அஜிசாய்

ஜப்பானில் டிசம்பர் கடைசி வந்துவிட்டால் ஊரே துடைப்பமும் கையுமாக அலையும். புத்தாண்டு பிறக்கும்போது எங்கும் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது. பத்து வயது சிஹோவுக்குச் சுத்தம் செய்வதென்றால் கொள்ளை ஆசை. வீட்டு ஜன்னல்களைத் துடைத்து முடித்தாள். பூனையைத் துடைக்கப் போனாள். அது ஓடிவிட்டது. அப்புறம்தான் பக்கத்து டோஃபு கடை வாசலில் நின்ற, மழைக்காலத்தில் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும் அஜிசாய் செடி அவள் கண்ணில் பட்டது.

அது கடைக்கார ஹடானோ மாமாவின் செடி. இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகி, கடையைப் பூட்டிவிட்டு நகோயா நகரில் மகள் வீட்டில் இருந்தார் மாமா. "அடுத்த வருஷம் ஜூன்ல வந்துடுவேன். அதுவரைக்கும் என் செடிய நீதான் பாத்துக்கணும்" என்று சிஹோவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோடை வெயிலில் அவள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். இலையுதிர் காலத்தில் சருகு பொறுக்கினாள். இப்போது வெறும் குச்சிகளாக நின்ற செடியைப் பார்த்தால் அழுக்காகத் தெரிந்தது.

கத்தரியை எடுத்தாள். எல்லாக் குச்சிகளையும் தரையோடு வெட்டினாள். கட்டாகக் கட்டிக் குப்பை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டும் வந்தாள்.

"ஏய் சிஹோ! மொட்டை அடிக்கறது எங்க கடை வேலை. நீ எப்ப ஆரம்பிச்சே?" எதிரிலிருந்த முடிதிருத்தும் கடையிலிருந்து டெட்சுயா சிரித்தான். அவளுடைய வகுப்புதான்.

சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்த அவன் அம்மா சிரிக்கவில்லை.

"ஐயையோ! என்னடி பண்ணிட்டே? வர்ற வருஷத்துப் பூவெல்லாம் அந்தக் குச்சி நுனியிலதானே மொட்டா இருந்துச்சு! பூ முடிஞ்ச கையோட வெட்டணும். இப்ப வெட்டினா இந்தத் தடவை பூவே வராதே!"

நோய் உள்ளே வராமலிருக்க, மாமா ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பூவைக் கடை வாசலில் தலைகீழாகத் தொங்கவிடுவார். வரும் வருஷம் அந்தப் பூ வேறு யாரையும்விட அவருக்குத்தான் வேண்டும்.

குப்பை வண்டி வரும் சத்தம் கேட்டது. சிஹோ ஓட்டமாக ஓடினாள்.

"அண்ணா! அதப் போடாதீங்க!"

"வெறும் குச்சிதானே, பாப்பா?"

"குச்சி இல்ல அண்ணா, பூ!"

வண்டிக்காரர் குச்சிக்கட்டை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் அவளிடமே கொடுத்தார்.

பள்ளித் தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டி நட்டபோது வேர்விட்டது சிஹோவுக்கு நினைவு வந்தது. கொடிக்கு வருமென்றால் குச்சிக்கு ஏன் வராது? கடைக்குப் பின்னால் கிடந்த பழைய டோஃபு பெட்டிகளில் மண் நிரப்பினாள். நுனியில் குண்டு மொட்டு இருந்த குச்சிகளாகப் பார்த்து நட்டாள்.

அன்று மாலையே மாமாவுக்குப் போன் செய்தாள்.

"மாமா, உங்க செடிய நான் வெட்டிட்டேன். முழுசா. ஆனா ஜூன்ல வாசல்ல பூ தொங்கும். அது என் பொறுப்பு."

"சரி, பாக்கலாம்" என்றார் மாமா.

ஜனவரியில் உறைபனி இறங்கியது. டெட்சுயா கடையிலிருந்து பழைய துணிகளை அள்ளிக்கொண்டு வந்தான். முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிப் போர்த்துவார்களே, அந்தத் துணிகள்.

"மொட்டைன்னா குளிரும்ல" என்றான்.

இருட்டும்போது போர்த்தினார்கள், விடிந்ததும் எடுத்தார்கள். மார்ச்சில் பாதிக் குச்சிகள் கறுத்து அழுகின. சிஹோ அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மே மாதம் நத்தைகள் படையெடுத்து வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து ஆற்றங்கரையில் விட்டாள்.

"அதுங்க திரும்பி நடந்து வந்துடும்" என்றான் டெட்சுயா.

"வரட்டும். வந்து சேர்றதுக்குள்ள பூத்துடும்."

ஜூனில் மழைக்காலம் தொடங்கியது. வெட்டுப்பட்ட தாய்ச்செடி இலையாய்த் தழைத்தது, ஒரு பூகூட இல்லை. பெட்டிகளிலும் இலைதான். ஒரே ஒரு குச்சியில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு நீலப் பூங்கொத்து விரிந்தது.

குடையும் கைத்தடியுமாக மாமா வந்து இறங்கினார். சிஹோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே போனாள்.

"ஒண்ணுதான் மாமா வந்துச்சு." கத்தரியை அவரிடம் நீட்டினாள். "நீங்களே வெட்டுங்க. எனக்கு இதத் தொடவே பயமா இருக்கு."

"போன்ல பொறுப்பு யாருதுன்னு சொன்னே?"

சிஹோ குனிந்தாள். பூவுக்குக் கீழே, இலைக்காம்பின் இடுக்கில், இரண்டு பச்சைப் புள்ளிகள் முளைத்திருந்தன. அடுத்த வருஷத்துக்கு அவை வேண்டும். அவற்றுக்கு மேலே கத்தரியை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கென்று வெட்டினாள்.

டெட்சுயா முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அவளே ஏறிப் பூவைத் தலைகீழாகக் கட்டினாள்.

மறுநாள் கடை திறந்ததும் டோஃபு வாங்க வந்தவர்கள் எல்லோரும் வாசலில் குனிந்துதான் உள்ளே போனார்கள். பூ ஒன்றும் அவ்வளவு தாழ்வாகத் தொங்கவில்லை. ஆனால் ஒரு சிறுமி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து! பூ!" என்று கத்திக்கொண்டே இருந்தால் வேறு என்னதான் செய்வார்கள்?