கிளட்ச் மேல் வைத்த கால்

மூன்று மிதிகளில் ஒன்று மட்டும்தான் தேய்ந்திருந்தது. ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் ரப்பர் வரிகள் புதிதுபோல எழும்பி நிற்க, கிளட்ச் மிதியில் ரப்பரே இல்லை. உள்ளே இருந்த இரும்பும் பாதி கரைந்து, கிண்ணம் போலக் குழிந்து, தொட்டால் விரல் வழுக்கும் அளவுக்கு மினுமினுத்தது. ஷார்ஜாவில் ஒன்பது வருடம், பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வண்டிகளுக்கு அடியிலேயே கிடந்தவன் அர்ஷத். இப்படி ஒரு மிதியை அவன் பார்த்ததில்லை.

வண்டி, கறுப்பு நிறக் கான்டசா கார். அறந்தாங்கிக்கு வெளியே, கட்டுமாவடி சாலையில், வீட்டை ஒட்டிப் போட்டிருந்த அவனுடைய தகரக் கொட்டகைக்குக் காலை எட்டு மணிக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். கூட வந்த மதுரைவீரனுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றபடியே, இது அண்ணன் வண்டி, அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது, அதற்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை, கிளட்ச் மாற்ற வேண்டும் என்றார். ஓடாத வண்டியில் கிளட்ச் எப்படிப் போகும் என்று அர்ஷத் கேட்டான். அவர் கண் கொட்டகையைத் தாண்டி, வீட்டின் அடுப்படி ஜன்னலில் இருந்தது.

"கியர்பாக்ஸக் கழட்டி எறக்குவீங்கல்ல, பாய்?"

"எறக்காம எப்படிண்ணே கிளட்ச மாத்துறது?"

"இங்கிட்டு வச்சுத்தான?"

"வேற எங்கிட்டு?"

அவர் தலையாட்டிவிட்டு, இழுத்து வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்.

கான்டசாவை நான்கு ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அர்ஷத் அடியில் ஊர்ந்து போனான். தகரம் காய்ந்து படபடவென்று வெடிக்கும் சத்தமும், கருகிய கிளட்சின் காட்டமான வாடையும், அதற்குள் ஒளிந்திருந்த வெகுநேரம் செருப்புக்குள் வியர்த்துக் கிடந்த பாதத்தின் வாடையும் அவன் முகத்துக்கு நேராக வந்து தங்கின. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் கை துருத்திக்கொண்டிருந்தது. மேலே யாராவது கிளட்சை மிதித்தால்தான் அது அசையும்.

அது அசைந்தது.

மெதுவாக, முழுவதுமாக, ஒரு தொண்டை எச்சில் விழுங்குவதைப் போலப் பின்னால் போய் நின்றது. பிறகு திரும்பியது. மனைவி இர்ஃபானா வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாளோ என்று கூப்பிட்டான். அவள் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அடியிலிருந்து வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். சீட்டில் யாருமில்லை. கிளட்ச் எண்ணெய்க் குழாயில் தங்கிய அழுத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி படுத்தான். பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றி முடிப்பதற்குள் அது இன்னும் பதினேழு முறை அசைந்தது. அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் கியர்பாக்ஸ் ஜாக்கியில் இறங்கியது. எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்த அந்தக் கணத்தில், உள்ளே அடைபட்டிருந்த ஏதோ ஒன்று சூடான மூச்சாக அவன் கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. கொட்டகைத் தரையில் ஈரமான காலடிச் சத்தம். ஒன்று. இன்னொன்று. வீட்டுப் பக்கமாக. அடியில் படுத்திருந்தவன் கண்ணுக்கு வெறும் தரைதான் தெரிந்தது.

கிளட்ச் பிளேட் ஆணித்தலை வரை தேய்ந்திருந்தது. மதுரைவீரனுக்கு போன் போட்டான்.

"அண்ணே, ஒங்க அண்ணன் எப்படி எறந்தாரு?"

"இந்த வண்டியிலதான். நெஞ்சு வலி. கிளட்சுல வச்ச கால எடுக்காமலே போயிட்டாரு. விடிய விடிய எஞ்சின் ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு." அவரே தொடர்ந்தார். "கியர் பொட்டிய எறக்கிட்டீங்களா?"

"எறக்கியாச்சு."

"மிதிச்சுக்கிட்டு இருந்தது நின்னுருச்சுல்ல?"

மிதி அசைந்ததை அர்ஷத் அவரிடம் சொல்லவே இல்லை.

"மூணு வருஷமா எங்க வீட்டுல ராவும் பகலும் அந்தச் சத்தந்தான், பாய். கழட்டுற எடத்துல அது எறங்கிரும்னு சொன்னாங்க. எங்க வீட்டுல வச்சுக் கழட்ட நான் என்ன கிறுக்கனா? வண்டிய நீங்களே வச்சுக்கங்க."

போன் அணைந்தது. அதன்பிறகு அந்த எண்ணுக்கு அழைப்பு போகவேயில்லை.

அர்ஷத்துக்கு ஒரு வழிதான் தோன்றியது. வெளியே வந்தது எதுவோ, அதற்கு அதன் இடத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். புதுப் பிளேட்டை வைத்து, நடு அச்சு பார்த்து, மேல் மூடியை முடுக்கி, கியர்பாக்ஸைத் தனியாளாகத் தாங்கி ஏற்றினான். விரல் தோல் பிய்ந்தது. நிற்கவில்லை. பிற்பகல் அசர் தொழுகைக்கான பாங்கு கேட்டபோது, எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பது மட்டும் பாக்கி. அதற்கு இன்னொரு ஆள் மேலே உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல மிதிக்க வேண்டும். எப்போதும் இர்ஃபானாதான் மிதிப்பாள். இன்று அவளைக் கூப்பிடக் கூடாது என்று அவன் நினைத்திருந்தான்.

மேலே கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. சீட்டு முனகி அமுங்கியது.

"யாரு?"

"நான்தாங்க." இர்ஃபானாவின் குரல்தான். வழக்கமாக, சீட்டில் எண்ணெய்க் கறை என்று ஏதாவது சொல்லிக்கொண்டேதான் ஏறுவாள்.

"எறங்கு. உள்ள போ."

"சீக்கிரம் முடிங்க."

வாதாட நேரமில்லை என்று பட்டது. முடித்துவிட்டால் போதும். அமுத்து என்றான், அமுத்தினாள். விடு என்றான், விட்டாள். நாலாவது தடவை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அமுத்தினாள். அடுத்ததும் அப்படியே. குழாயில் குமிழி நின்று எண்ணெய் சீராக வந்தது.

"போதும். எறங்கு."

அவள் இறங்கிப் போனாள். அர்ஷத் எழுந்து, கதவருகே குந்தி, மிதியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உள்ளே திரும்பிவிட்டதென்றால் மிதி தானாக இறங்கும். ஒருமுறை இறங்கினால் போதும். யா அல்லா, ஒரே ஒருமுறை. மிதி அசையவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அசையவில்லை.

வீட்டுக்குள் கேட்டது.

தொப்.

பிறகு எதுவுமில்லை. பிறகு, தொப்.

ஓடினான். அடுப்படியில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. இர்ஃபானா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இடது கால் மட்டும் எழுந்தது. தரையை அழுத்தியது. எழுந்தது. சிமென்டில் ரத்தம் கால் வைத்த அகலத்துக்குப் பரவியிருந்தது. பெருவிரல் நகம் தனியே கிடந்தது.

மண்டியிட்டு, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தான்.

"விடு, இர்ஃபானா. விடு."

கால் எழுந்தது. அவன் உள்ளங்கையைத் தரையில் விரித்து அதன் கீழே வைத்தான், அவளுக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று. கால் இறங்கியது. அவசரமில்லாமல், முழுவதுமாக. ஒரு ஆம்பளையின் கனம். எலும்பு முறியும் சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. அவன் கத்தினான். அவள் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன; விரல்கள் வளைந்து, அங்கே இல்லாத ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தன. எதிரில் இருந்த வெறும் சுவரை, தூரத்தில் வரும் சாலையைப் பார்ப்பதுபோல, அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.