அகழிக்கு அப்பால் ஒரு பாட்டு

மேற்கே செவ்வானம் அணைந்து கீழ்த்திசையில் முழுமதி எழுந்த அந்த அந்திப் பொழுதிலே, வெண்குன்றக் கோட்டையைச் சூழ்ந்த அகழியின் கருநீர், வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் மின்னிக்கொண்டிருந்தது. தூக்குப்பாலம் ஏறிவிட்டது. அக்கரையில் ஒருவர், பட்டு உத்தரீயம் புழுதியில் புரள, அலறிக்கொண்டு நின்றார்.

"பாலத்தை இறக்குங்கள்! நான் இசைப்பேராசான் திருவேகம்பன்! பகைவர் துரத்தி வருகிறார்கள்!"

குளம்பொலி நெருங்கியது. மதில்மேல் இளவரசி ஆதித்தநங்கை தோன்றினாள். அன்பு வாசகர்களே, அவள் புன்னகையில் கருணையைத் தேட வேண்டாம். பாலம் இழுப்போர் பாடும் பாட்டு தன் செவிக்கு இனிக்கிறதென்று அவள் அவையில் சொன்னபோது, "இளவரசியின் செவியில் சேறு அப்பியிருக்கிறது; அது இசையன்று, எருமைக் கனைப்பு" என்று நகைத்தவர் இவர். அத்தோடு விட்டாரா? கோட்டைக்குள் அதைப் பாடினால் கசையடி என்று மன்னரிடம் ஆணை வாங்கினார். பாட்டெடுக்கும் மழவனை ஊரைவிட்டே துரத்தினார். இருபுறக் கயிற்றையும் ஒரே மூச்சில் இழுக்கவும் தளர்த்தவும் வைத்தது அந்தப் பாட்டுதான். வாய்மூடி இழுத்தபோது பாலம் ஒருபுறம் சாய்ந்து இரண்டு பேரை நசுக்கியது. அவர்களை வாரியெடுத்த கைகளே இப்போது கயிற்றைப் பிடித்திருந்தன.

"பாட்டில்லாமல் இறக்கினால் என் ஆட்கள் சாவார்கள், பேராசானே. பாடினாலோ கசையடி!"

"ஆணையை நீக்குங்கள், தேவி!"

"மன்னர் இட்டது, அவரோ போர்முனையில் இருக்கிறார். ஆனால் அது கோட்டைக்குள் இருப்பவர்க்குத்தானே? நீர் வெளியே நிற்கிறீர். பாடும்!"

கயிற்றாள் பொன்னன் எட்டிப் பார்த்தான். "சீக்கிரம் எடுங்க சாமி, குதிரை வந்துட்டுது! எங்க கனைப்பு உங்களுக்குத் தெரியாததா?"

திருவேகம்பர் கண்களை மூடிக்கொண்டார். "கையெரியுதே ஏலையா..."

"கேக்கல சாமி! வயித்துலேருந்து வரட்டும்!"

"கையெரியுதே ஏலையா! கயிறெரியுதே ஏலையா!"

பாலம் அசைந்து அசைந்து இறங்கிக் கரையைத் தொட்டது. பாலத்தில் பாய்ந்தவரின் மார்புக்குக் குறுக்கே வாயிற்காவலனின் ஈட்டி நீண்டது. துரத்தி வந்த குதிரைவீரன் வாளை உருவவில்லை. தலைச்சீராவைக் கழற்றிவிட்டு, அவர் விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தான்.

"எலும்பெரியுதே ஏலையா!"

"மழவன்!" என்றார் திருவேகம்பர். "பகைவர் எங்கே?"

"நான்தான் ஐயா தொரத்துனேன். தேவி வரச் சொன்னாங்க."

குதிரை பாலத்தைக் கடந்து உள்ளே சென்றது. அதுவரை கல்லாய் இருந்த இளவரசியின் விழிகள் மழவன்மேல் ஒருகணம் கனிந்தன, மீண்டும் இறுகின. இடைவாளை உருவி மதிற்சுவரில் ஊன்றினாள்.

"இந்த வாளின்மேல் சபதம்! நீர் வாங்கிய ஆணை உள்ளவரை இப்பாலம் உமது குரலுக்கே ஏறும், உமது குரலுக்கே இறங்கும். உள்ளே பாடத் தடையாயிற்றே. ஆகவே உமக்கு இடம் அக்கரையில்தான். வைகறையில் இறக்கும் பாட்டு, அந்தியில் ஏற்றும் பாட்டு."

எதிரே ஈட்டிகள் வரிசையாய் மின்ன, திருவேகம்பர் அக்கரைக்கே பின்வாங்கினார்.

"இன்றைய அந்தி இன்னும் முடியவில்லை, பேராசானே. பாலம் ஏற வேண்டும். பாடும்!"