இரண்டு பேருக்கான மூச்சு

பகல் பன்னிரண்டரை மணிக்கு, வெயில் கண்ணாடிக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கறுப்பு ரப்பர் சவ்வு கீழே இறங்கியது.

தக்காளிப் பாத்தியில் குனிந்திருந்த கௌசல்யா, 'புஸ்' என்ற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். சுவரில் இருந்த சிறிய ஜன்னல் வழியாகப் பக்கத்து அறையைப் பார்த்தாள். அறை முழுவதையும் மூடிக் கட்டியிருந்த அந்தச் சவ்வு தொய்ந்து, நடுவில் குழி விழுந்து, தரையைத் தொடப் போவதுபோல் தொங்கியது.

இறங்கக் கூடாது. பகலில் காற்று சூடாகி விரியும்; சவ்வு பூரி மாதிரி உப்பி மேலே ஏறும். இரவில் குளிர்ந்ததும் இறங்கும். அப்படி ஏறி இறங்காவிட்டால் காற்றின் அழுத்தத்தில் கண்ணாடி வெடித்துவிடும். அதனால்தான் அதற்கு 'நுரையீரல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பது நாளாக அது ஒருமுறைகூட நேரம் தவறியதில்லை.

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, ஒரு தனியார் கல்லூரியின் ஆராய்ச்சித் தோட்டத்தில், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு எழுந்து நின்றது அந்தக் கண்ணாடிக் குடில். பதினெட்டுப் பாத்திகள், ஒரு மீன் தொட்டி, ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, ஒரே ஒரு மனுஷி. வெளியிலிருந்து ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது. உள்ளிருந்து வெளியே போகாது. அவள் விடும் மூச்சைச் செடிகள் எடுத்துக்கொள்ளும், செடிகள் விடுவதை அவள் எடுத்துக்கொள்வாள். அவளுடைய வியர்வைகூடக் கண்ணாடியில் துளியாகச் சேர்ந்து மறுபடி தொட்டிக்கு வரும். நாற்பது நாள் ஒருவர் இப்படி வாழ்ந்து காட்ட வேண்டும். முதலில் போனவர் பன்னிரண்டாம் நாள் தலைவலி தாங்காமல் வெளியே வந்தார். அடுத்தவர் பத்தொன்பதாம் நாள். மூன்றாவதாக, 'நான் முடிப்பேன் சார்' என்று ஆராய்ச்சியை நடத்தும் பிராங்க்ளின் சாரிடம் சண்டை போட்டு உள்ளே வந்தவள் கௌசல்யா. இன்றைக்கு முப்பத்தோராம் நாள். இதுவும் தோற்றால் குடிலைப் பிரித்துவிடுவது என்று கல்லூரியில் முடிவாகியிருந்தது.

இன்டர்காம் பொத்தானை அழுத்தினாள். சார் மதுரைக்குப் போயிருந்தார். வெளியே கருவிகளைக் கவனிக்கும் அறையில் அயாஸ் மட்டும்தான்.

"அயாஸ், நுரையீரல் இறங்குதுப்பா."

"எது, என்னுதா? காலைலருந்து ஒண்ணும் திங்கலக்கா, அதான்."

"வெளாடாத. லீக் இருக்கான்னு பாரு."

கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு எதையோ கழற்றி மாட்டும் சத்தம். திண்டுக்கல் நாகல் நகர்க்காரன் அயாஸ். வாய் ஓயாமல் பேசுகிறவன். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"லீக் இல்லக்கா. ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உள்ள வேற யாரையாச்சும் வச்சிருக்கியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கரியமில வாயு ரெண்டு ஆளு கணக்குக்கு ஏறுதுக்கா. நேத்து சாயந்தரம் வரைக்கும் ஒரு ஆளு. அப்புறம் ரெண்டு. மீட்டருக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு வேற மாத்திப் பாத்தேன். புதுசும் அதையேதான் சொல்லுது. இப்ப மூவாயிரத்தி எண்ணூறு. ஐயாயிரம் தொட்டா நீ வெளிய வந்துரணும். சார் ஆர்டர்."

"மண்ணுல ஏதாச்சும் கிருமி இருக்கும்."

"மண்ணத்தான் ஆவியில வேகவச்சுச் சாகடிச்சுக் கொட்டுனோமே. கிருமி எங்கேருந்து வந்துச்சு?"

கௌசல்யா பொத்தானை விட்டாள்.

அவளுக்குத் தெரியும் எங்கிருந்து வந்தது என்று. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே வருவதற்கு முந்தின சாயங்காலம், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் ஊருக்குப் போய், குலசாமி மேட்டில் விழுந்து கும்பிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அவர்கள் வகையறாவில் அது வழக்கம். புது ஊரில் குடியேறினால் பிடிமண் எடுத்துப் போக வேண்டும், துணைக்கு வரும். அவளுடைய அத்தை திருப்பூருக்கே கொண்டு போயிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த முடிச்சை யாரும் சோதிக்கவில்லை. உள்ளே வந்ததும் குடிலின் ஈசானி மூலையில், முருங்கைக் கன்றின் தூரில் அதைப் பிரித்துக் கொட்டி மூடினாள். வெளியே தெரிந்தால் முப்பத்தோரு நாளும் செல்லாது, அவளையும் இனி ஒரு ஆராய்ச்சிக்கும் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்த முருங்கை! மற்றப் பாத்திகளில் செடிகள் காய்ச்சலில் விழுந்த பிள்ளைகள்போல் வெளிறி நிற்க, அது மட்டும் ஒரே மாதத்தில் கூரையைத் தொட்டுவிட்டது. பிராங்க்ளின் சார் கண்ணாடிக்கு வெளியே நின்று கைதட்டினார். அவளும் பெருமையோடு சிரித்து வைத்தாள்.

இப்போது அந்த மூலைக்கு நடந்தாள். தொட்டியில் மீன்கள் எல்லாம் எதிர்ச் சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபடியே நடந்தாள். முருங்கையை நெருங்க நெருங்க ஒரு வாசனை. கோடையில் முதல் தூறல் விழும்போது காட்டில் கிளம்புமே, அந்த மண் வாசனை. மழையே பெய்ய முடியாத இடத்தில், காய்ந்த இலை ஒன்றுகூட ஈரமாகாத நடுப்பகலில், அது குபுகுபுவென்று வந்தது. முதலில் இதமாக இருந்தது. பிறகு அடிநாக்கில் கசந்தது. பிறகு, யாரோ வாயை மிக அருகில் வைத்து ஊதுவதுபோல் வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது.

அண்ணாந்து பார்த்தாள்.

கூரைக்குச் சற்றுக் கீழே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், கண்ணாடியில் ஒரு வட்டம் ஆவி படிந்திருந்தது. முறத்தின் அகலம் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. மறுபடி படிந்தது. மறைந்தது.

குளிர்கால விடியலில் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தை முன்னால் இப்படித்தான் படிந்து மறையும்.

கௌசல்யா தன் வாயையும் மூக்கையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மூச்சை நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குடிலுக்குள் சத்தமே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு.

பக்கத்து அறையில் சவ்வு 'புஸ்' என்று இறங்கியது.

பாத்திகளில் இருந்த அத்தனை இலைகளும் மூலையைப் பார்த்துச் சாய்ந்தன.

சவ்வு ஏறியது. இலைகள் நிமிர்ந்தன.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை.

இன்டர்காமுக்கு ஓடினாள். "அயாஸ், எங்கம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு மைக்குகிட்டப் பிடி. சீக்கிரம்!"

"என்னாச்சுக்கா?"

"பிடிடா!"

அம்மா பொன்னழகு தோட்டத்தில் இருந்தாள். பம்புசெட் சத்தம் பின்னால் கேட்டது. "என்னத்தா, நாளு முடிஞ்சிருச்சா? சாப்டியா?"

"அம்மா, நான் பிடிமண்ணு எடுத்துட்டு வந்துட்டேன். நம்ம சாமி மேட்டுல."

அயாஸ் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. ரகசியம் போய்விட்டது. இனி அதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமில்லை.

"எங்க வச்சிருக்க?" அம்மாவின் குரல் மாறியிருந்தது.

"உள்ளதான். குடிலுக்குள்ள."

"மேல மூடியா இருக்கு?"

"கண்ணாடி."

"அடிப் பாவி! உங்கத்தை திருப்பூர்ல மொட்ட மாடியில வெயில்லயும் மழையிலயும் வச்சிருக்காளே, எதுக்குன்னு ஒரு நாளு கேட்டியா? அதுக்குக் கூரை ஆகாதுடி. உங்க தாத்தா ஒருக்காத் தகரம் போட்டாரு, வெயிலு அடிக்குதேன்னு. விடிஞ்சு பாத்தா அம்புட்டுத் தகரமும் பாயைச் சுருட்டுன மாதிரி சுருண்டு கெடந்துச்சு. வெளி வேணும் அதுக்கு."

காசில்லாமல்தான் அந்த மேட்டில் கோயில் கட்டவில்லை என்று கௌசல்யா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அம்மா, அது மூச்சு விடுதும்மா."

பொன்னழகு பம்புசெட்டை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்னது?"

"மூச்சு விடுது. எனக்குக் கேக்குது."

"மூச்சா?" பொன்னழகு மெதுவாகச் சொன்னாள். "அதுக்கு ஏதுடி மூச்சு?"

கௌசல்யா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தோரு நாள். மூடின கண்ணாடிக்குள், அது பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்த ஒரே சத்தம். இரவும் பகலும். அவளுடைய மூச்சு. அதைக் கேட்டுத்தான் அது பழகியிருக்கிறது.

"தொறந்து விட்ருத்தா. தொறந்துட்டு நீ ஓடியாந்துரு. செத்த நேரங்கூட உள்ள இருக்காத."

"அக்கா, நாலாயிரத்தி அறுநூறு!" அயாஸ் கத்தினான். "ரெண்டு ஆளு இல்லக்கா இப்ப. ஏழு, எட்டு ஆளு கணக்குக்கு ஏறுது. வெளிய வா! நான் அந்தக் கதவுகிட்ட வாரேன்!"

இரண்டு கதவுகள். நடுவில் ஒரு சின்ன அறை. வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் இரும்புக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. அவள் கைப்பிடியைத் திருப்பித் தோளால் முட்டினாள். அசையவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ கதவை உறிஞ்சிப் பிடித்திருந்தார்கள். காது அடைத்தது. தலைக்குள் ரத்தம் திம்திம்மென்று இடித்தது. அவள் தலைமயிர் தோளிலிருந்து எழும்பி, பின்பக்கமாக, முருங்கை மூலையைப் பார்த்துப் பறந்தது.

உள்ளே இழுக்கிறது.

முட்டினாள். அசையவில்லை.

விட்டது. கதவு நெகிழ்ந்தது. ஒரு விரல்கடை. அவள் உடம்பைத் திரட்டி முட்டுவதற்குள் மறுபடி இழுத்துச் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் புரிந்தது. அது விடும்போதுதான் முட்ட வேண்டும். அதற்கு, அது மூச்சை இழுக்கும்போது அவளும் இழுக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டாள். இழுத்தது. அவளும் இழுத்தாள். மண் வாசனை நெஞ்சு நிறைய இறங்கியது. இன்னும். இன்னும். விலா எலும்பு வலித்தது. பின்னால் இலைகள் சரசரத்தன. கழுத்தில் வெதுவெதுப்பு. மிகப் பக்கத்தில்.

விட்டது.

முட்டினாள்.

கதவு திறந்தது. அயாஸ் வெளிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்று அவனே எழுதி ஒட்டிய காகிதம் கிழிந்து பறந்தது. அவளைத் தாண்டி, அவளை உரசிக்கொண்டு, ஈரமாக, கனமாக, முடிவே இல்லாமல் ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

சவ்வு செத்த எருமைபோல் தரையில் படுத்துவிட்டது. அசையவில்லை.

வரப்போரம் அவளை உட்காரவைத்து அயாஸ் தண்ணீர் கொடுத்தான். முப்பத்தோரு நாளுக்குப் பிறகு வெளிக் காற்று. சாணி வாசனை, டீசல் வாசனை, யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"போச்சுடா எல்லாம். சாருகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"நீ உசுரோட வந்தியே, அது போதும்க்கா. மண்ணு விஷயம் நான் வாயத் தொறக்க மாட்டேன். மொதல்ல உனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தாரேன். மாசம் பூரா கீரையத் தின்னு ஆடு மாதிரி ஆயிட்ட. மூஞ்சியப் பாரு, நல்ல..."

நின்றுவிட்டான்.

அடுத்த வார்த்தைக்காக வாய் திறந்தே இருந்தது. வார்த்தை வரவில்லை. அவனுடைய நெஞ்சு விரிந்துகொண்டே போனது. சட்டைப் பொத்தான் தெறித்தது. பிறகு மூச்சு வெளியே வந்தது, பேச்சும் சேர்ந்து கொட்டியது: "க்கா எனக்கு என்னமோ பண்ணுது நான் இழுக்கல..."

அறுந்தது. மறுபடி விரிந்தது.

வேலியோரம் கட்டியிருந்த ஐந்து ஆடுகளின் வயிறுகளும் ஒன்றாக உப்பின. ஒன்றாக வற்றின.

பக்கத்து வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் நிமிர்ந்து நின்றார்கள். எட்டுப் பேரும் ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார்கள்.

காற்றே இல்லை. ஆனாலும் தோப்பில் முதல் வரிசைத் தென்னைகள் மட்டைகளை ஒன்றாகச் சாய்த்தன. பிறகு அடுத்த வரிசை. பிறகு அதற்கடுத்தது. வரிசை வரிசையாக, தண்ணீர்த் தொட்டி தெரியும் அவள் ஊரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, திண்டுக்கல் பக்கமாக அது போய்க்கொண்டே இருந்தது.

கௌசல்யா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுடைய நெஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏற்றவில்லை.

மூச்சு வெளியே வந்தது. அதனோடு சேர்ந்து, வெங்காயக் காட்டிலிருந்தும், ரோட்டோர டீக்கடையிலிருந்தும், தோப்புக்கு அந்தப் பக்கம் ஊரிலிருந்தும், அத்தனை வாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல் எழுந்தது. அவளுடையதும் அதில் இருந்தது. ஒரே அளவில் எழுந்து, ஒரே இடத்தில் அறுந்தது.

பிறகு, எல்லா நெஞ்சுகளும் மெதுவாக விரியத் தொடங்கின.