பூமயிலம்மாள் ரோமாபுரிக்குப் போட்ட மதிப்பெண்

காலை பத்தேகால் மணிக்குக் கொலோசியம் பூமயிலம்மாளிடம் நூற்றுக்கு ஏழு மதிப்பெண் வாங்கித் தோற்றுப்போனது.

வழிகாட்டி துவாரகன் தன் மணிக்கட்டுத் திரையைத் தட்டிப் பார்த்தான். ஏழுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் வெயிலையும் மழையையும் பூகம்பத்தையும் தாங்கிய கட்டடம், முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவியைத் தாங்கவில்லை.

"என்னம்மா, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். அப்பா அம்மா யாழ்ப்பாணம், பிறந்தது தெற்கு இத்தாலியின் பலேர்மோ, பிழைப்பு ரோமில். நாக்கு மட்டும் யாழ்ப்பாணத்தை விட்டு வரவேயில்லை.

"பிடிக்காம என்ன தம்பி. எனக்கு முன்னாடி நின்ன நெட்டையனுக்கு நல்ல பிடரி. ரெண்டு நிமிசமும் அதைத்தான் பாத்தேன்."

ஒரு குழுவுக்கு இரண்டு நிமிடம் என்பது நகரத்துச் சட்டம். ஒரு காலத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஊர்பேர் தெரியாதவர்கள் பட்டியல் போட்டார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டு வந்து அங்கெல்லாம் முண்டியடித்தது. பிறகுதான் வியப்புமானி வந்தது. காதுக்குப் பின்னால் மிளகளவுக்கு ஒட்டினால் போதும். மூச்சு ஒரு கணம் நிற்பதையும் கண்ணின் பாவை விரிவதையும் நெஞ்சு படபடப்பதையும் அளந்து மதிப்பெண் சொல்லிவிடும். வாயால் பொய் சொல்லலாம், கண்பாவை சொல்லாது. நகரத்துக்கு முதல்முறை வருகிறவர்களின் மதிப்பெண் மட்டுமே கணக்கில் சேரும். இரண்டாவது முறை பார்ப்பது பழகிய கண், செல்லாது. அதை வைத்து மணிக்கொரு தரம் 'பார்த்தே தீரவேண்டிய பத்து' வெளியாகும். முதல்வருகையாளர்களை அந்தப் பத்து இடங்களுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். பட்டியலை எழுதுவது உங்கள் நெஞ்சேதான் என்பதால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. முன்பு முதலிடத்தில் இருந்த கொலோசியம் இப்போது பத்தாமிடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது.

வழிகாட்டிகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. குழுவில் யாராவது ஒருவர் அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு முறையாவது நாற்பதைத் தொடவேண்டும். தொடர்ந்து மூன்று குழுக்கள் தொடாவிட்டால் உரிமத்தைப் பறித்து இயந்திர வழிகாட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். துவாரகனுக்கு ஏற்கெனவே இரண்டு குழுக்கள் நாற்பதைத் தொடாமலே போய்விட்டன. மூன்றாவது குழு இந்தத் தம்பதிதான். ரோமைக் காட்டுவதென்றால் அவனுக்கு உயிர். நாலு வருடம் படித்து, மூன்று மொழியில் தேர்வு எழுதி வாங்கிய உரிமம். அது போனால் பலேர்மோவில் மாமாவின் குளிர்கிடங்கில் மீன் அடுக்கத்தான் போகவேண்டும்.

பூமயிலம்மாளின் கணவர் சேதுராசுவை நம்பிப் பயனில்லை. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். இரண்டு மாதமாக வீட்டுக் காட்சிக்கூட்டில் உட்கார்ந்து ரோமைப் பதினொரு தரம் சுற்றிவிட்டுத்தான் விமானமே ஏறியிருந்தார்.

"எல்லாம் இருக்கவேண்டிய இடத்துல கரெக்டா இருக்குப்பா," என்று மனதாரப் பாராட்டினார். அவருடைய மதிப்பெண் இரண்டு.

பாந்தியோன் என்ற பழங்காலக் கோயிலில் துவாரகன் தன் முழு வித்தையையும் இறக்கினான். மேற்கூரையின் நடுவே வட்டமாகத் திறந்த வானத்தைக் காட்டி, தூணே இல்லாத கூரை, மழை பெய்தால் உள்ளேயே விழும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். மற்ற குழுக்காரர்கள் வாய் பிளந்தார்கள். பூமயிலம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் ஒரு ஓட்டை இருந்துச்சு. ஆறு மனு எழுதி அடைச்சேன். இவுக யாருகிட்டயும் மனுக் குடுக்கலையாக்கும்?"

மதிப்பெண் நாலு.

திரேவி நீரூற்றில் மட்டும் மானி ஒரு துள்ளுத் துள்ளியது. துவாரகனுக்கு உயிர் வந்தது. பதினெட்டு, இருபத்திரண்டு. "இம்புட்டுத் தண்ணியா!" என்று பூமயிலம்மாள் முன்னே போனார். உடனே காவல் இயந்திரம் ஒன்று உருண்டு வந்து, அது சுழற்சித் தண்ணீர், குடிக்கவோ தொடவோ கூடாது என்றது. இருபத்திரண்டு இறங்கி ஒன்பதானது.

"குடிக்கக் கூடாத தண்ணிக்கு எதுக்குய்யா இத்தனை சாமி சிலை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். துவாரகன் மனதுக்குள் மீன் அடுக்கத் தொடங்கியிருந்தான்.

அடுத்த இடத்துக்குக் குறுக்குவழியாக ஒரு சந்தில் போனார்கள். உச்சி வெயில். சந்து முனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். அதிலிருந்து வளைந்த குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பெருமூக்கு என்பார்கள். ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல் உண்டு. துவாரகன் தினமும் அதில்தான் குடிப்பான்; அதை ஒரு காட்சியென்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"ஐயய்யோ! எவனோ குழாயை மூடாமப் போயிட்டான்!" பூமயிலம்மாள் ஓடினார். அறுபத்தாறு வயதில் அப்படி ஓடுவார் என்று வாத்தியாரே எதிர்பார்க்கவில்லை. தூணைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "திருகு எங்க தம்பி? திருகு எங்க?"

"திருகு இல்லையம்மா. அது எப்பவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

"எப்பவும்னா?"

"இரவு பகலா. நூற்றைம்பது வருசத்துக்கு மேல."

"பொய் சொல்லாத. யாரு இதுக்கு ஆபீசர்? போன் போடு." சொல்லிக்கொண்டே, ஆபீசர் வரும்வரை ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று குழாய் வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்தார்.

பெருமூக்கின் முதுகில் ஒரு சின்னத் துளை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அடைபட்ட தண்ணீர் அதன் வழியாக மேலே பீறிட்டு, அழகாக வளைந்து, சேதுராசு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியில் நேராக அடித்தது. காட்சிக்கூட்டில் பதினொரு தரம் வந்தும் வாத்தியார் நனைந்ததில்லை. "அடியே!" என்று அலறினார்.

பூமயிலம்மாள் கையை எடுத்தார். வளைவு நின்றது. மறுபடி அடைத்தார். வாத்தியார் மறுபடி நனைந்தார். பிறகு பூமயிலம்மாள் சிரித்த சிரிப்பில் மாடிச் சன்னல்கள் இரண்டு திறந்தன.

சிரிப்பு ஓய்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பத்து வருடம் தலைவியாக இருந்தவர். நாலு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீரை வீட்டுக்கு ஆறு குடம் என்று எண்ணி ஊற்றி, எண்ணிக்கைக்காக ஏச்சும் வாங்கியவர். இங்கே தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடுகிறது. வரிசை இல்லை, சண்டை இல்லை, குடம் இல்லை. வருகிறவன் குனிந்து குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

"இதை விட்டுட்டு எதையெதையோ காட்டுனியே தம்பி," என்றார்.

துவாரகன் திரையைப் பார்த்தான். தொண்ணூற்றேழு! சந்தில் யாராவது பார்க்கிறார்களா என்று கவலைப்படாமல் வாத்தியாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஈரவேட்டியோடு வாத்தியாரும் சுற்றினார்.

பூமயிலம்மாள் இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தார். பைக்குள் எப்போதும் ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வைத்திருப்பார். அதைக் கொட்டிக் கவிழ்த்து, காலியாகவே பைக்குள் போட்டார். ஊரெல்லாம் ஓடும் தண்ணீரை எதற்குச் சுமப்பது?

மணி ஒன்று அடித்ததும் புதிய பட்டியல் வந்தது. பெருமூக்குக்கு மானியோடு வந்த முதல் ஆள் பூமயிலம்மாள்தான். ஒரே ஒருவர் எழுதிய தேர்வில் அவர் எடுத்ததுதான் சராசரி. எனவே ரோம் நகரத்தின் முதலிடம் பெருமூக்கு. பத்தாமிடத்திலிருந்த கொலோசியம் பதினொன்றாகிப் பட்டியலை விட்டு வெளியே விழுந்தது.

"அப்ப அங்க கூட்டம் இருக்காதுல்ல? சாப்பாட்டை அங்க வச்சுச் சாப்பிடுவோம்," என்றார் பூமயிலம்மாள்.

கூட்டம் மட்டுமல்ல, காவல் இயந்திரங்களும் இல்லை. எல்லாம் பெருமூக்குகளுக்கு வேலிபோடப் போயிருந்தன. பட்டியலில் இல்லாத இடத்தை யார் எவ்வளவு நேரம் பார்த்தாலும் நகரத்துக்குக் கவலை கிடையாது. கல்படியில் மூவரும் உட்கார்ந்து புளியோதரையும் வறுத்த மோர்மிளகாயும் சாப்பிட்டார்கள். உரிமம் தப்பிய மகிழ்ச்சியில் துவாரகன் மூன்று தரம் கேட்டு வாங்கினான். எதிரே வளைவுக்கு மேல் வளைவாக அந்தப் பெரிய வட்டம் வெயிலில் சும்மா நின்றது.

நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுப் பூமயிலம்மாள் கேட்டார்: "இங்கதான் மனுசங்களைச் சண்டைக்கு விட்டாகளா? இந்தப் படியில உக்காந்து பாத்தாகளா?"

"ஓமம்மா. இந்தப் படியளிலதான்."

அவருடைய மூச்சு ஒரு கணம் நின்றது. மானி எண்பத்தெட்டைத் தொட்டு, 'இரண்டாம் பார்வை, செல்லாது' என்று காட்டி அணைந்தது. துவாரகன் அவரிடம் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவருக்கு ரோமைக் காட்டிவிட்டோம் என்ற நிறைவு அன்றுதான் முதன்முதலாக அவனுக்குக் கிடைத்தது.

வெயிலும் மோர்மிளகாயும் சேர்ந்து நாலரை மணிக்கு வேலையைக் காட்டின. பூமயிலம்மாளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்து பக்கத்தில் ஒரு பெருமூக்கைத் தேடினார்கள். அதைச் சுற்றி வெள்ளை வேலி. வேலிக்கு வெளியே சந்தையே கூடியது போல முதல்வருகையாளர்கள், இரண்டிரண்டு நிமிடமாக உள்ளே போய்த் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வந்தார்கள். அடுத்த தெருவிலும் அப்படியே. அதற்கடுத்த தெருவிலும் வேலி. குடிதண்ணீர்ப் புட்டி அந்த ஊரில் எப்போதோ ஒழிந்துபோன பொருள். பெருமூக்கு இருக்கும்போது அது எதற்கு என்று நிறுத்தியிருந்தார்கள்.

சேதுராசு வாத்தியார் காவல் இயந்திரத்திடம் முறையாகக் கோரிக்கை வைத்தார். அது இலக்கணச் சுத்தமான தமிழில் பதில் சொன்னது.

"மன்னிக்கவும் ஐயா. இது முதல்முறை காண்பவர்களுக்கு மட்டும். தங்கள் துணைவியார் ஏற்கெனவே வியந்துவிட்டார்."

"வியந்தா தாகம் அடங்கிருமாய்யா?" என்றார் பூமயிலம்மாள். குரல் கம்மியது. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

துவாரகன் வேலியைப் பார்த்தான். வேலிக்குள் கை நீட்டினால் அக்கணமே உரிமம் ரத்து. மதியம்தான் தப்பியது, திரையில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒருமுறை மாமாவின் குளிர்கிடங்கை நினைத்துக்கொண்டான். பிறகு, "அம்மா, அந்தச் சொம்பைத் தாங்கோ," என்று வாங்கி, வேலிக்கு மேலே எட்டிக் குழாயில் பிடித்தான்.

இயந்திரம் ஊளையிட்டது. பச்சை விளக்கு சிவப்பானது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. சொம்பு நிறையும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

பூமயிலம்மாள் இரண்டு கையாலும் வாங்கினார். எச்சில் படாமல் குடித்துப் பழகியவர். தலையை அண்ணாந்து, சொம்பை முகத்துக்கு ஒரு முழம் மேலே தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் ஒரே கம்பியாக இறங்கி நேரே தொண்டைக்குள் போனது. உதட்டில் படவில்லை, சேலையில் சிந்தவில்லை, நடுவில் மூச்சும் வாங்கவில்லை. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. சொம்பு காலியானதும் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு நிம்மதிச் சத்தத்தை அந்தக் கூட்டம் கேட்டதே இல்லை.

இருநூறு பேருக்கும் ஒரே கணத்தில் மூச்சு நின்றது; இருநூறு மானிகளும் ஒன்றாகத் துள்ளின. பிறகு கைதட்டல் சந்தெங்கும் எழுந்தது. துவாரகனின் சிவப்பு விளக்கு குழம்பிப்போய் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு, தானாகப் பச்சைக்குத் திரும்பியது.

அடுத்த பட்டியல் சரியாக ஐந்து மணிக்கு வெளியானது. முதலிடத்தில் பெருமூக்கு இல்லை. ஊளையை நிறுத்திய காவல் இயந்திரம் மெல்ல உருண்டு வந்து, கல்லில் உட்கார்ந்திருந்த அம்மாளைச் சுற்றி வெள்ளை வேலி ஒன்றைக் கவனமாக நட்டது. பின்பு குரலில் அத்தனை மரியாதையையும் வரவழைத்துக்கொண்டு கேட்டது:

"அம்மையீர், நாளைக் காலை பத்து மணிக்கு மீண்டும் இதே அளவு தாகத்துடன் வர இயலுமா?"