அடிவிலைக்காரர்

தரணீஷ் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய். அவருக்கு அடுத்து நின்றவர் வைத்தால் அதே கூடை, அதே கத்தரிக்காய், நூற்றுப் பத்து. இதில் சண்டை போட ஒன்றுமில்லை. அடுத்து நின்றவரின் மனத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு ஓடியிருக்கும். வேட்கைமானிக்கு அது போதும்.

பொள்ளாச்சியில் இப்போது எல்லாக் கடையிலும் வேட்கைமானிதான். தட்டில் வைத்த கையின் நாடி, வெப்பம், வியர்வை மூன்றையும் படித்து, விலை ஏறினால் இந்த ஆள் போய்விடுவாரா, நிற்பாரா என்று அது கணிக்கும். போய்விடுவார் என்றால் விலை இறங்கும். நிற்பார் என்றால் ஏறும். சரக்கு குறைவாக இருந்தால் தாவித் தாவி ஏறும். வியாபாரியின் முதலும் கூலியும் சேர்ந்த அடிவிலைக்குக் கீழே மட்டும் போகாது. அந்தக் காலத்து வியாபாரிகள் இதையே நம் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். ஆப்பிள் விலை ஏறினால் கொய்யாவுக்குத் தாவுகிறவன், உப்பு விலை ஏறினால் முனகிக்கொண்டே வாங்குவான் என்று அவர்களுக்குத் தெரியும். மானி அந்தக் கணிப்பில் பிசகு இல்லாமல் செய்தது, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பாகற்காயைக் கண்டாலே ஓடுகிறவரைப் பாகற்காய் வாங்க அனுப்பினார்கள். இனிப்பே ஆகாதவர் தீபாவளிக்குத் தெரு முழுவதற்கும் இனிப்பு வாங்கினார். நாளடைவில் அது ஒரு தொழிலாகி, அப்படிப் பிறருக்காக வாங்கித் தருகிறவருக்குப் பற்றிலி என்று பெயரும் வந்தது. அவர்களுக்கென்று ஒரு சங்கம், சட்டையில் ஒளிரும் ஒரு பச்சை வில்லை, காலை ஆறு மணிக்குத் தனி வரிசை.

தரணீஷ் அந்தச் சங்கத்தின் முதல்நிலைப் பற்றிலி. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொருளையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. வாடிக்கையாளர்கள் கொடுக்கும் சீட்டில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. யாருக்கென்று தெரிந்தால் எப்பேர்ப்பட்ட கையும் சூடாகிவிடும் என்பது தொழிலின் முதல் பாடம். அடிவிலைக்குப் பத்து மடங்குக்கு மேல் ஒருமுறை வாங்கினாலும் சங்கம் வில்லையை அணைத்துவிடும். தொழில் போனது போனதுதான்.

அவர் மனைவி வர்ஷினிக்கு இதில் ஒரு குறை இருந்தது. "என்ற ஊட்டுக்காரர் எனக்கு எடுத்த சேலை அத்தனையும் அடிவிலைங்க. கல்யாணப் பட்டுக்கூட! பீரோவத் தொறந்தாலே வயிறெரியுது" என்று தெருவில் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்கு அது வலித்தது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறையாவது இந்த மனுசன் கை எனக்காகச் சூடாகியிருக்கக் கூடாதா என்று நினைப்பாள்.

பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. கஞ்சி, இளநீர், இட்லி எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதாவது உள்ளே போனால்தான் தேறுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு விடியற்காலையில் அவளே வாய் திறந்தாள்.

"நாவப்பழம் இருந்தாத் திம்பேனுங்."

பங்குனியில் நாவற்பழம்! ஆடிக்குத்தானே அது வரும். தரணீஷ் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடினார். பழக்கடை பிரகதீஷிடம் மலையடிவாரத்துக் குளிர்க்கூடத்திலிருந்து வந்த அரைக்கிலோ இருந்தது. ஒரே ஒரு பொட்டலம். அடிவிலை முந்நூறு.

தரணீஷ் கையை வைத்தார். நாலாயிரத்து அறுநூறு.

"ஏனுங்ணா, கையில என்னமோ பட்டிருக்குதுங்க. தொடைச்சுட்டு வைங்க" என்றார் பிரகதீஷ்.

துடைத்துவிட்டு வைத்தார். ஐயாயிரத்து இருநூறு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து, தொழிலில் புதிதாக இருந்தபோது செய்ததைப் போலப் பதினேழாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். ஆறு பதினேழு என்பதற்குள் அவள் தள்ளிவைத்த கஞ்சிக் கிண்ணம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆறாயிரத்து நூறு.

பின்னால் நின்ற ரித்விக் பொறுமை இழந்தான். இரண்டாம்நிலைப் பற்றிலி அவன், தரணீஷின் இடத்துக்குப் பல நாளாகக் கண் வைத்திருக்கிறவன். "தள்ளுங்க. நாவப்பழம்னாலே எனக்குத் தொண்டையக் கட்டும். நான் வாங்கித் தாரேன். யாருக்குங் அது?"

முதல் பாடம் தரணீஷுக்கு மறந்துபோயிற்று. "என்ற ஊட்டுக்காரிக்கு. மூணு வாரமா ஒண்ணுமே திங்கல."

"வர்ஷினியக்காவுக்குங்களா!" என்றபடி ரித்விக் கையை வைத்தான். மூவாயிரத்து நானூறு. திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அவள் வீட்டில் அவன் குடித்த ராகிக்கூழ் கொஞ்சமா நஞ்சமா? வரிசையில் நின்ற மற்றப் பற்றிலிகளும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கையாவது மூவாயிரத்துக்குக் கீழே வரவேண்டுமே! ஒரே பொட்டலத்துக்கு இத்தனை கை நீண்டால் விலை சும்மா இருக்குமா? மறுபடி தரணீஷ் வைத்தபோது ஏழாயிரத்து நானூறு.

"நானே வாங்கிக்கறனுங்ணா. என்ற வில்லை போனாப் போவுது" என்றான் ரித்விக்.

"அதெல்லாம் வேண்டாம் உடு. உனக்குச் சின்னக் கொழந்தை இருக்குது" என்று சொல்லி, தரணீஷ் ஏழாயிரத்து நானூறுக்கு ஒப்புதல் கொடுத்தார். சட்டையிலிருந்த பச்சை வில்லை அணைந்தது.

வர்ஷினி பதினொரு பழம் தின்றாள். நாக்கெல்லாம் ஊதா நிறமானதும் விலையைக் கேட்டாள். அவர் முணுமுணுத்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தாள், திட்டுவதற்காகத்தான். ஆனால் திட்டவில்லை. "எவ்வளவுங்?" என்று மூன்று முறை கேட்டாள். பிறகு அழுதாள், சிரித்தாள். மதியத்துக்குள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் ஊர் தலைகீழானது. பற்றிலி வாங்கி வந்த மல்லிகையைப் பெண்கள் தொடவில்லை. "உங்க கையாலயே வாங்கிட்டு வாங்க, எவ்வளவுன்னு பாக்கறேன்" என்றார்கள். ஆண்கள் சந்தையைச் சுற்றி ஓடி, மூச்சிரைக்க வந்து கையை வைத்தார்கள். மானி ஏமாறவில்லை. அடிவிலைக்கு வந்த பூவை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், அதிக விலைக்கு வந்ததை அடித்துப் பிடித்து வாங்கினார்கள். விலை ஏறினால் தேவை இறங்கும் என்று பாடம் நடத்திய கோயம்புத்தூர்ப் பேராசிரியர்கள், விலை ஏற ஏறத் தேவையும் ஏறுவதை வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பற்றிலித் தொழில் படுத்துவிட்டதால் ரித்விக் பூக்கடையே வைத்துவிட்டான்.

வர்ஷினி தெருவில் ராணி மாதிரி நடந்தாள். பொறாமை சும்மா விடுமா? "நீ அவுருக்கு ஒண்ணு வாங்கிக் காட்டு, பாக்கலாம்" என்றார்கள்.

"அதுக்கென்ன?" என்று அவரையும் இழுத்துக்கொண்டு, தெருவே பின்தொடர, கடலைக் கடைக்குப் போனாள். அவர் சாயங்காலம் கொறிக்கும் வறுகடலையில் ஒரு படி கேட்டு, கையை அழுத்தி வைத்தாள்.

அறுபது ரூபாய். அடிவிலை.

கையைத் தேய்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். அறுபதுதான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு உங்க மேல ஆசையே இல்லீங்களா?"

"கிறுக்கி! மூச்சு வுடற காத்துக்கு வெல உண்டா?" என்றார் தரணீஷ். கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்த கடலை அவர் கையில் இருந்தது. "அன்னைக்கு அந்த மிசினு ஆசையவா பாத்துச்சு? நீ இல்லாமப் போயிருவியோன்னு நான் நடுங்குன நடுக்கத்தப் பாத்துச்சு அம்மிணி. உனக்கு அது இல்ல. நாந்தான் எந்நேரமும் ஊட்டுலயே கெடக்கறனே. நீ அறுவதுலயே இரு, அதுதான் எனக்குச் சந்தோசம்."

அவள் கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள். "அவ்வளவா பயந்தீங்க?"

ஊர் நடுவே இதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையிலிருந்த கடலையை அள்ளி வாயில் போட்டார். அது போகாத இடத்துக்குப் போய்விட்டது. இருமினார். மூச்சு வரவில்லை. முகம் சிவந்து கண் பிதுங்கியது.

"ஏனுங்! ஏனுங்! அய்யோ, யாராவது தண்ணி கொண்டாங்களே!" ஒரு கையால் அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள் வர்ஷினி. மற்றக் கை தட்டின் மேலேயே இருந்தது. அறுபது, தொள்ளாயிரம், நாலாயிரம், பதினோராயிரம். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் அதைப் பார்க்கவில்லை.

கடலை வெளியே வந்து விழுந்தது. தரணீஷ் மூச்சை இழுத்து, தண்ணீரைக் குடித்து, ஒன்றுமில்லை என்று கையாட்டினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவுங்?"

அவர் மானியைப் பார்த்தார். எண் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. "அறுவதுங்கக்கா."

"மென்னு திங்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?" என்று புருசனைத் திட்டிக்கொண்டே, அவள் அறுபது ரூபாயை எடுத்து வைத்தாள்.